பிறபொருளெதிரியின் சாட்சியமும் தீவகப் பெண்களும்

“அது ஆய்வுகூடத்தாரின் விடயம், கலைப்பீடத்தாருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று கேட்போர் நம்மிடையே பலருளர். தமிழ்ச் சங்கத்து மலரிலே இலக்கியம் பேசலாம், வரலாறு பேசலாம், சமயமும் பேசலாம். புரதத்தைப் பற்றியும் போமலினைப் பற்றியும் பேசுதல் முறையன்று என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு தவறானது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும் என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு சோளகக் காற்று வீசிய நாளொன்றிலே குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தேன். அருகிலிருந்த தாயொருவர் தம் பையிலிருந்து பொலித்தீன் உறையொன்றை எடுத்தார். கடல்நீர் பட்டு நனையாதவாறு மூன்று மடிப்பு மடித்துச் சுற்றிய உறை அது. அதனுள் ஒரு கடதாசி. “பிள்ளை, நீ கம்பசிலை படிக்கிறாய்தானே, இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காச் சொல்லன்” என்றார். ஈராண்டுகளுக்கு முன்னர் மார்புப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை பெற்றவர் அவர். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வோர் எழுத்தையும் என்னால் வாசிக்க முடிந்தது. ஒரு வரியின் பொருளையேனும் சொல்ல முடியவில்லை. ‘ஈ.ஆர்.’ என்ற ஈரெழுத்தும் அதன் பக்கத்தே ‘பொசிற்றிவ்’ என்ற சொல்லும் இருந்தன. “பொசிற்றிவ் எண்டால் வருத்தம் இன்னும் இருக்கெண்டோ?” என்று அவர் கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். பல்கலைக்கழகப் படிப்பின் பெறுமதியை அன்று அளந்துகொண்டேன்.

அவ்விரண்டு எழுத்துகளின் பொருள்தான் என்ன? பெண்ணுடலிற் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் கலத்தினுட் புகுந்ததும் அதனை ஏற்றுக்கொள்வதற்கென அங்கே ஒரு புரதம் காத்திருக்கின்றது. அதனை ஈஸ்திரோஜன் வாங்கி என்பர். ஓமோனைப் பெற்ற வாங்கி கலத்தின் கருவிலுள்ள பரம்பரையலகுகளோடு பொருந்திச் சிலவற்றை இயக்குகின்றது, சிலவற்றை அடக்குகின்றது. சுருங்கக் கூறின், பரம்பரையலகுகளை ஆளும் மணியகாரன் அது. புற்றுக்கலங்களிலும் இவ்வாங்கி நிறைந்திருப்பின் அப்புற்று ஓமோனின் தயவிலே வளர்வது என்று கொள்ளலாம். ஓமோன் அமரவேண்டிய ஆசனத்தில் வேறொன்றை அமர்த்திவிட்டால் அதன் வளர்ச்சி தடைப்படும். அவ்வாறு அமர்வதே தமொக்சிபென் என்னும் குளிசை.

இவ்வறிவு ஒரு நாளில் வந்ததன்று. 1896 இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஜோர்ஜ் பீற்சன், சூலகங்களை அகற்றியபோது சில பெண்களின் மார்புப் புற்று ஒடுங்கியதைக் கண்டு வெளியிட்டார். ஏன் சிலருக்கு மாத்திரம் ஒடுங்கியது என்பதை அன்று எவரும் அறியார். 1950களின் இறுதியில் சிக்காகோவிலே எல்வூட் ஜென்சன் ஈஸ்திரோஜன் வாங்கி உண்டென்பதைக் காட்டிய பின்னரே அவ்வினாவுக்கு விடை பிறந்தது. முதலிற் கருத்தடை மருந்தாகக் கருதி ஆராயப்பட்ட தமொக்சிபென், 1973 இல் பிரித்தானியாவிலே புற்றுநோய் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று காப்புரிமைக் கட்டுகள் நீங்கி மலிந்த மருந்தாய், உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. வாங்கியுடைய புற்று வந்த பெண்கள் ஐந்தாண்டு இக்குளிசையை உட்கொள்வராயின், அந்நோயால் நேரும் சாவு பதினைந்து ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகின்றது என்பது பல்லாயிரம் பெண்களின் தரவுகளைத் திரட்டி 2011 இல் வெளியிடப்பட்ட முடிவு. வாங்கி இல்லாத புற்றுக்கு அதனாற் பயனில்லை. ஆகவே, “வாங்கி உண்டா, இல்லையா?” என்பது ஏட்டறிவு வினாவன்று. இந்நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயில் வாழ்வையும் சாவையும் பிரிக்கும் வினா அது.

இவ்வினாவுக்கு விடைதருவதுதான் ஆய்வுகூடப் பிறபொருளெதிரி. உடலினுட் புகுந்த அந்நியப் பொருளை இனங்கண்டு பற்றுதற்கு உடல் ஆக்கும் புரதமே பிறபொருளெதிரி. 1975 இல் கேம்பிரிட்ஜிலே கோலர், மில்ஸ்ரைன் என்னும் இருவர், ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு இடையறாது பெறும் வழியைக் கண்டனர். அதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. 1984 இல் நோபெல் பரிசு அவர்களை அடைந்தது. அம்முறையைக் கொண்டு ஈஸ்திரோஜன் வாங்கியை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளை 1980 இல் சிக்காகோவில் ஜென்சனின் குழுவைச் சேர்ந்த ஜெவ்ரி கிறீன் ஆக்கினார்.

சோதனை நடைபெறும் விதம் இது. அறுத்தெடுத்த கட்டியைப் போமலினில் இட்டுப் பதப்படுத்துவர். பின்னர் மெழுகிலே பதித்து, மயிரினும் மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தட்டில் ஒட்டுவர். சூடேற்றி, பிறபொருளெதிரியை வார்த்துக் கழுவுவர். அது பற்றிய இடம் கபில நிறமாகத் தோன்றுமாறு மற்றொரு வினை செய்வர். நுணுக்குக்காட்டியிலே கலங்களின் கரு கபிலமாய்த் தெரிந்தால் ‘உண்டு’; தெரியாவிட்டால் ‘இல்லை’. நூற்றில் ஒரு கரு நிறம்பெற்றாலும் ‘உண்டு’ என்றே கொள்ளவேண்டும் என்பது 2010 முதல் அமெரிக்க நிபுணர் சங்கங்கள் வகுத்த விதி.

இங்கேதான் நமது கலைப்பீட அறிவுக்கு வேலையுண்டு. ‘இல்லை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உள. பொருள் அங்கே இல்லை என்பது ஒன்று. பொருள் இருந்தும் என் கண்ணுக்குப் படவில்லை என்பது மற்றொன்று. கல்வெட்டொன்றில் ஓர் அரசனின் பெயர் காணப்படாமையால் அவ்வரசன் வாழவேயில்லை என்று எழுதும் வரலாற்று மாணவனை நம் ஆசிரியர்கள் சும்மா விடுவரா? பிடித்த மீனை உடனே பனிக்கட்டியில் இடாது வெயிலில் விட்டால் கரைசேருமுன் அது கெட்டுவிடும் என்பதைத் தீவகத்துச் சிறுவனும் அறிவான். கட்டியும் அத்தகையதே. உடலிலிருந்து பிரித்த ஒரு மணி நேரத்துள் அது போமலினைச் சேரவேண்டும். 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்திற்கு மேற்படாமலும் அதில் இருத்தல் வேண்டும். தவறின் புரதம் சிதையும், அல்லது மறையும். பிறபொருளெதிரி தேடிச்சென்று வெறுங்கையுடன் திரும்பும். அறிக்கையிலோ ‘இல்லை’ என்ற சொல் உறுதியாய் நிற்கும். அந்தச் சொல்லின் பெயரால் ஒரு பெண்ணுக்கு மலிவான குளிசை மறுக்கப்படும்.

இது கற்பனை அச்சமன்று, நடந்த கதை. நம்மைப்போலவே கடலை நம்பி வாழ்ந்த ஒரு தீவிலே நடந்தது. கனடாவின் கிழக்கெல்லையிலுள்ள நியூபவுண்லாந்துத் தீவில், 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஈஸ்திரோஜன் வாங்கிச் சோதனைகள் பல பிழையானவை என்பது 2005 இல் தெரியவந்தது. முன்னர் ‘இல்லை’ என்று எழுதப்பட்ட பெண்ணொருவரின் கட்டியை மீளச் சோதித்தபோது ‘உண்டு’ என்று வந்தமையே தொடக்கம். மாதிரிகள் ரொறன்ரோவுக்கு அனுப்பப்பட்டன. முந்நூறுக்கு மேற்பட்டோரின் முடிவுகள் மாறின. அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் உண்மை வெளிவருமுன்னரே இறந்துபோயினர். அனைவரது சாவுக்கும் இச்சோதனையே காரணம் எனக் கூறுதல் நேர்மையாகாது. ஆயினும் தமக்குரிய மருந்தைப் பெறும் வாய்ப்பேனும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது என்பதை எவரால் மறுக்கமுடியும்? பிழையின் பரிமாணம் 2007 இல் நீதிமன்ற ஆவணங்கள் வாயிலாகவே மக்களுக்கு முழுமையாகத் தெரியவந்தது. நீதிபதி மார்கிரட் கமரன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2009 இல் அறிக்கை வெளியிட்டது. செல்வம் கொழிக்கும் நாடொன்றிலேயே, முறையான ஒப்பீட்டுச் சோதனையும் மேற்பார்வையும் இன்மையால் இத்தனை ஆண்டுகள் பிழை பிழையாகவே தொடர்ந்தது.

அங்கே சாட்சி நல்லவன். விசாரித்த முறை கெட்டது. சாட்சியே பொய்யனாயிருந்த கதையும் உண்டு. ஈஸ்திரோஜன் வாங்கியில் இரண்டாவது வகையொன்று 1996 இல் கண்டறியப்பட்டது. பீற்றா என்று அதற்குப் பெயரிட்டனர். மார்புப் புற்றில் அதன் பங்கு யாதென உலகெங்கும் ஆய்வுகள் பெருகின. கம்பெனிகள் விற்ற பிறபொருளெதிரிகளைக் கொண்டே அவை செய்யப்பட்டன. 2017 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் குழுவொன்று 13 பிறபொருளெதிரிகளை ஒருங்கே வைத்துச் சோதித்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியது ஒன்றே ஒன்று! அந்த ஒன்றைக் கொண்டு பார்த்தபோது மார்புத் திசுவில் அவ்வாங்கி காணப்படவேயில்லை. இருபதாண்டு உழைப்பிலும் பணத்திலும் எவ்வளவு வீணாயிற்று என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். குப்பியின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டை நம்பியமையே அவ்வறிஞர்கள் செய்த பிழை.

நமக்கு இது புதிய பாடமோ? பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியனால் கோவலன் வெட்டுண்டான். கண்ணகி அவையிலே செய்தது என்ன? அழுகையோடு நின்றுவிடாமல் சோதனை கேட்டாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியதும் வழக்குத் தீர்ந்தது. அறிந்த பொருளொன்றை அருகே வைத்து அறியாத பொருளை ஒப்பிடுதலே ஆய்வுகூடத்தார் கூறும் ஒப்பீட்டுச் சோதனை. வாங்கி நிச்சயமாய் உள்ள திசுவொன்றையும் நிச்சயமாய் இல்லாத திசுவொன்றையும் உடன்வைத்துச் சோதித்தாலன்றி ஒரு தட்டின் ‘இல்லை’யை நம்பலாகாது. கண்ணகியை ஊர்தோறும் கோயில் கட்டி வழிபடும் நாம், அவள் கேட்ட கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிட்டோம்.

நம் நாட்டு நிலைமையையும் மறைக்கவேண்டியதில்லை. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி, மருந்துகளை மொத்தமாகவும் மலிவாகவும் வாங்கும் வழியை உலகுக்குக் காட்டிய நாடு இது. அதே நாட்டிலே 2023 இல் தரமற்ற இமியூனோகுளோபியூலின் குப்பிகள் அரச ஆஸ்பத்திரிகளை வந்தடைந்தன. இமியூனோகுளோபியூலின் என்பதும் பிறபொருளெதிரியே. அவ்விவகாரத்தில் முன்னர் சுகாதார அமைச்சராயிருந்தவரே 2024 பெப்ரவரியிற் கைதானார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நமக்கு வேண்டிய பாடம் வேறு: பொதுப்பணத்தில் வாங்குதல் மட்டும் போதாது, வாங்கிய குப்பியினுள் இருப்பது யாதெனச் சோதித்தலும் பொதுக்கடமையாதல் வேண்டும்.

இனி, எதிர்வாதங்களை நோக்குவோம். “குடிநீருக்கும் படகுக்கும் அல்லற்படும் தீவகத்துக்குப் பிறபொருளெதிரி ஒரு கேடா?” என்பர் சிலர். இவர்கள் இரண்டையும் வேறுவேறு என நினைக்கின்றனர். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குக் கடல்வழி ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து யாழ்ப்பாணம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழை செல்வோருக்கு மேலும் ஒரு பஸ். காற்றெழுந்தால் அன்று படகில்லை. ஒரு தடவை செல்வதற்கு ஒரு நாட் கூலி போகும். இத்தகைய பெண்ணுக்கு, “மாதிரி சரியில்லை, மறுபடி வாருங்கள்” என்று சொல்வதும், மறுபடி வரச்சொல்லாமலே பிழையான முடிவை எழுதிக்கொடுப்பதும் நகரத்துப் பெண்ணுக்கு இழைப்பதினும் பன்மடங்கு அநீதி. தூரம் மிகுந்தவர்க்கே முதற்சோதனை பிழையற்றதாயிருத்தல் வேண்டும். நயினாதீவே மணிபல்லவம் என நம்மவர் பெருமையோடு கூறுவர். அத்தீவிலே ஆபுத்திரன் எவ்வாறு மாண்டான் என்பதையும் கூறவேண்டும். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. கப்பலோ அவனை விட்டுப் போய்விட்டது. உண்பார் எவருமின்றி, அவனும் உண்ணாது இறந்தான். மருந்து எவ்வளவு மலிந்திருப்பினும், வேண்டியவரையும் மருந்தையும் இணைக்கும் கப்பல் இல்லையேல் அது கோமுகிப் பொய்கையில் எறிந்த பாத்திரமே. பிழையற்ற சோதனையும் விளங்கும் மொழியுமே அக்கப்பல்.

“இவற்றையெல்லாம் தமிழிற் சொல்ல முடியாது” என்பது இரண்டாவது வாதம். இதைவிட வெட்கத்துக்குரிய வாதம் யாழ்ப்பாண மண்ணிலே வேறில்லை. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இரணவைத்தியமும் மனுஷ அங்காதிபாதமும் கெமிஸ்தமும் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழ் நூல்களாயின. ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் நாடி ஊரைவிட்டுப் போய்விடுவர், தமிழிற் கற்றவர்களே ஊரோடு நிற்பர் என்று கருதியே அவர் மொழியை மாற்றினார். அந்நிய நாட்டவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் செய்யத் துணிந்ததை நாம் இன்று முடியாதென்கிறோம்! அதுவுமன்றி, கலம், பரம்பரையலகு, பிறபொருளெதிரி, ஓமோன் ஆகிய சொற்களைத் தீவகத்துப் பாடசாலைகளில் உயிரியல் கற்கும் மாணவி தமிழிலேயே கற்றுத் தமிழிலேயே பரீட்சை எழுதுகின்றாள். பேர்த்தியின் பாடநூலில் உள்ள சொல் பேர்த்தியாரின் அறிக்கையில் இடம்பெறாமைக்குக் காரணம் மொழியின் வறுமையோ? அன்று, நம் மனத்தின் வறுமை.

மூன்றாவது வாதம் இரக்கத்தின் வேடம் பூண்டு வருவது. “நோயாளிக்கு எல்லாம் சொன்னால் அவர் பயந்துவிடுவார், மருத்துவர் அறிந்தாற் போதும்.” மருத்துவர்களும் தாதியரும் நெரிசல் மிகுந்த கிளினிக்கில் ஒருவருக்கு ஐந்து நிமிடமேனும் ஒதுக்க இயலாது திண்டாடுவதை நான் அறிவேன், அவர்களைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. ஆனால் இக்குளிசை ஒரு நாளோடு முடிவதன்று. ஐந்தாண்டு நாடோறும் ஒருத்தி தன் கையால் எடுத்து விழுங்கவேண்டியது. உடல் கொதிப்பு முதலிய தொல்லைகளும் அதனால் உண்டாகும். ஏன் விழுங்குகிறோம் என்பதை அறியாதவள் எதன்பொருட்டு அவற்றைப் பொறுத்துக்கொள்வாள்? இறங்குதுறையிற் கண்ட தாய் எட்டு மாதத்தோடு குளிசையை நிறுத்திவிட்டிருந்தார். “வருத்தம் மாறிட்டுது, பிறகென்னத்துக்கு?” என்பதே அவர் கூறிய நியாயம். அவருடைய அறிக்கையிலே இருந்த ‘பொசிற்றிவ்’ என்ற சொல்லின் பொருள், “இக்குளிசை உமக்கென்றே ஆனது” என்பதாகும். அவரோ அதனைச் சாவோலை என்று எண்ணி ஈராண்டு மடித்து வைத்திருந்தார்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. மார்புப் புற்றென அறியப்பட்ட ஒவ்வொரு கட்டியும், அது எந்தத் தீவிலிருந்து வந்ததாயினும், வாங்கிச் சோதனைக்கு உட்படல் வேண்டும். கட்டி போமலினில் எப்போது இடப்பட்டது, எத்தனை மணி நேரம் இருந்தது, எப்பிறபொருளெதிரி பயன்பட்டது, ஒப்பீட்டுத் தட்டு சரியாக அமைந்ததா என்பன அறிக்கையிற் பதியப்படல் வேண்டும். ஆய்வுகூடங்கள் தம் முடிவுகளை வெளியார் மதிப்பீட்டுக்கு ஒழுங்காக உட்படுத்தல் வேண்டும். இறுதியாக, அறிக்கையின் சாரம் ஒரு பக்கத்திலே, அதற்குரியவளின் மொழியில், அவள் கையில் வழங்கப்படல் வேண்டும். தமிழருக்குத் தமிழிலும் சிங்களவருக்குச் சிங்களத்திலும் இது கிடைத்தல் சலுகையன்று, உரிமை.

முதல் மூன்றையும் அரசிடம் கேட்போம். நான்காவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அது நம் கைவேலை. ஆண்டுதோறும் மண்டபம் நிறைய மக்களைக் கூட்டி, கற்பிற் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று பட்டிமன்றம் நடத்துகின்றோம். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தீராத அவ்வழக்கு இன்னும் ஓராண்டு காத்திருக்கலாம். கலைப்பீடத்தார் இருவரும் மருத்துவபீடத்தார் இருவரும் ஒரு பிற்பகல் கூடியிருந்தால் அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிவிடலாம். நிபுணரொருவரிடம் காட்டித் திருத்தி, நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுசென்று கொடுக்கலாம். இதைச் செய்யாத தமிழ்ப்பற்று யாருக்கான தமிழ்ப்பற்று?

மருத்துவபீட நண்பரொருவர் எனக்கு விளக்கியதை அடுத்த விடுமுறையில் அத்தாயின் வீட்டுக்குச் சென்று சொன்னேன். மருந்தை மீளத் தொடங்குவது பற்றி மருத்துவரே தீர்மானிக்க வேண்டும், உடனே கிளினிக்குக்குப் போங்கள் என்றும் கூறினேன். அனைத்தையும் தமிழிற் சொல்லி முடிக்கக் கால் மணி நேரமே ஆயிற்று. அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த நாட் படகுக்கே போவதாகச் சொன்னார். பின்னர், “இதை முந்தியே ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை?” என்றார்.

அக்கேள்வியை எந்த ஆய்வுகூடத்துக்கும் நான் அனுப்பவில்லை. நம் சங்கத்தின் முன் வைக்கின்றேன்.